நாலு மில்லிமீட்டர்

கார் கிளம்பியதும் என் வீட்டுக்காரர் செய்த முதல் காரியம், என் தலைக்கு மேலே இருந்த வெயில் தட்டியை மடக்கி மேலே தள்ளியதுதான். பங்குனி வெயில், காலை பத்து மணிக்கே மடியில் நெருப்பாக விழுகிறது, இருந்தும் மடக்கிவிட்டார், ஏனென்றால் அந்தத் தட்டியின் பின்பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் மேல்பல் வரிசையையும் கீழ்ப்பல் வரிசையையும் நாலு ரப்பர் வளையங்கள் சேர்த்துப் பிடித்திருக்கின்றன, உதட்டை மட்டும் கொஞ்சம் அசைக்கலாம், அந்த உதடும் யாரிடமோ இரவல் வாங்கியது போலத் தொங்குகிறது. இந்த ஒன்பது நாளில் ஒரே ஒரு தடவை கண்ணாடி பார்த்தேன், ஆஸ்பத்திரிக் குளியலறையில், மூன்றாம் நாள், பார்த்த உடனே விளக்கை அணைத்துவிட்டு இருட்டிலேயே முகம் கழுவினேன், கழுவுகிறோமா இல்லையா என்றுகூடத் தெரியாமல். இன்று காலை டாக்டர் நசீமா என் கன்னத்தை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "நல்லா வடிஞ்சிருக்கும்மா, வீட்டுக்குப் போகலாம்" என்றார். வீடு கோவில்பட்டியில். மதுரையிலிருந்து இரண்டு மணி நேரம். வீட்டில் தாரிணி இருக்கிறாள், என் மகள், ஐந்து வயது, பிறந்ததிலிருந்தே காது மந்தம். இரண்டு காதிலும் மிஷின் மாட்டினால் சத்தம் பாதி கேட்கும், மீதியை என் உதட்டைப் பார்த்து எடுத்துக்கொள்வாள். அந்த உதட்டுக்கு அடியில் இருக்கிற எலும்பைத்தான் அறுத்து, நகர்த்தி, திருகாணி போட்டு வைத்துக்கொண்டு அவளிடம் போய்க்கொண்டிருக்கிறேன்.

திருமங்கலம் தாண்டிவிட்டோம். "தூங்கு கோமதி" என்கிறார் அவர், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. அவர் பெயர் சங்கரவேல், மில்லில் எலக்ட்ரீஷியன், கார் அவர் சிநேகிதனுடையது, கியர் மாற்றும்போதெல்லாம் ஒரு குலுங்கு குலுங்குகிறது, அந்தக் குலுங்கல் என் தாடைக்குள் போய் எங்கோ இடிக்கிறது, வலியாக இல்லை, பக்கத்து வீட்டில் யாரோ ஆணி அடிப்பது மாதிரி இருக்கிறது. கண்ணை மூடினால் அந்த போன் வருகிறது. மூன்றாம் நாள் மத்தியானம், முகம் பூசணிக்காயாக வீங்கிக் கிடந்தபோது, இவர் தெரியாத்தனமாக ஒரு வேலை செய்தார். செண்பகம் மதினி, இவருடைய அக்கா, தாரிணியை அவர்தான் பார்த்துக்கொள்கிறார், அங்கிருந்து வீடியோவில் கூப்பிட்டார், "பிள்ளை அம்மாவைக் கேட்டு அழுது, ஒரு நிமிசம் காட்டுப்பா" என்று. இவர் போனை என் பக்கம் திருப்பிவிட்டார். நான் கையை நீட்டித் தடுப்பதற்குள் தாரிணி வந்துவிட்டாள், சின்னத் திரை நிறைய அவள் நெற்றியும் கண்ணும். என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் மாதிரி இருந்தது, மூணு நாலு விநாடிதான் இருக்கும். பிறகு திரை சுழன்றது, ஓடு தெரிந்தது, மதினியின் சேலை தெரிந்தது, ஒன்றும் புரியவில்லை. மதினி பிறகு இவரிடம் சொன்னதை நான் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன்: "போனைத் திருப்பிப் பின்னால பாக்காப்பா. அம்மா பின்னால இருக்கான்னு நெனச்சிட்டா போல." பயந்து ஓடியிருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும். வீங்கின முகத்தைப் பார்த்து எந்தப் பிள்ளையும் பயப்படும். அவள் பயப்படவே இல்லை. முன்னால் இருக்கிறவளை விட்டுவிட்டு அம்மாவைத் தேடியிருக்கிறாள். போனின் பின்பக்கத்தில், அந்தக் கறுப்பு உறையில், அம்மாவைத் தேடியிருக்கிறாள்.

நாலு மில்லிமீட்டர் முன்னால், ஐந்து மில்லிமீட்டர் பின்னால். இதுதான் நடந்தது, வேறொன்றும் இல்லை, இதை எத்தனை தடவை எனக்கே சொல்லிக்கொள்கிறேன். டாக்டர் என் எக்ஸ்ரேயின் மேல் ஒரு மெல்லிய தாளை வைத்து, பென்சிலால் எலும்பையும் அதைச் சுற்றித் தோலையும் வரைந்து, கத்தரிக்கோலால் தாடையை மட்டும் வெட்டி எடுத்து நகர்த்திக் காட்டினார். சின்னப் பிள்ளைகள் வெட்டி ஒட்டுகிற மாதிரிதான் இருந்தது. "மேல்தாடையை நாலு மில்லிமீட்டர் முன்னாடி கொண்டு வர்றோம், பின்பக்கமா கொஞ்சம் மேலே தூக்குறோம். கீழ்த்தாடையை அஞ்சு மில்லிமீட்டர் பின்னாடி தள்றோம். அப்பதான் முன்பல்லு ஒண்ணோடொண்ணு சேரும்." நாலு மில்லிமீட்டர்தானே என்று நான் சிரித்தேன், ஆபீஸில் காகிதத்துக்கு ஓரம் விடுவதே அதைவிட அதிகம், தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்டாக இருக்கிறவளுக்கு மில்லிமீட்டர் என்றால் அப்படித்தான் தோன்றும். டாக்டர் சிரிக்கவில்லை. "முகத்துல அப்படிக் கணக்கு இல்லம்மா. எலும்பு நகர்ற அளவுக்கே தோலும் நகரும்னு சொல்ல முடியாது. மோவாயில கிட்டத்தட்ட எலும்பு போற தூரம் தோலும் போகும். மேல் உதட்டுல பாதிதான் வரும். மூக்கோட அடி கொஞ்சம் அகலமாகும், அதைத் தையல் போட்டு இழுத்து வைப்பேன், இருந்தாலும் கொஞ்சம் தெரியும். மூக்கு நுனி லேசா தூக்கும். முகத்தோட நீளம் குறையும். மூக்குக்குப் பக்கத்துல குழியா இருக்குல்ல, அது நிரம்பும். தொண்டைப் பக்கம் கொஞ்சம் சதை வச்ச மாதிரி இருக்கும்." ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் என் முகத்தில் அந்தந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன், வீடு காலி பண்ணுகிறவர்கள் சாமானைச் சரிபார்ப்பது மாதிரி. கடைசியில் கம்ப்யூட்டரில் ஒரு படம் காட்டினார், பக்கவாட்டுத் தோற்றம், என் காது, என் தோடு, என் பின்னல், ஆனால் காதுக்கு முன்னால் வேறு யாரோ இருந்தாள். அழகாகத்தான் இருந்தாள். அதுதான் என்னை உலுக்கியது. "இது யார் மாதிரி இருக்கு டாக்டர்?" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "உங்க மாதிரிதாம்மா. கொஞ்ச நாள் ஆகும், அவ்வளவுதான். வீக்கம் முழுசா போக ஆறு மாசம், ஒரு வருசம்கூட ஆகலாம். அதுவரைக்கும் தினம் தினம் முகம் மாறிக்கிட்டே இருக்கும், அதுக்குத் தயாரா இருங்க." தினம் தினம். ஒரு முகத்தைப் பழகுவதற்குள் அடுத்தது வந்துவிடும். தாரிணி எத்தனை பேரைப் பழகுவாள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இந்த மோவாய்தான் முதலில் போகும். பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள், கோமதி வருவதற்கு முன்னால் அவள் மோவாக்கட்டை வந்துவிடும் என்று. கீழ்ப்பல் வரிசை மேல்பல்லுக்கு வெளியே நிற்கும், முன்னால் ஒரு விரல் நுழைகிற இடைவெளி, கொய்யாக்காயைக் கடிக்க முடியாது, தோசையைக்கூடப் பிய்த்துக் கடைவாயில் திணிக்க வேண்டும், கல்யாண வீட்டுப் பந்தியில் யாரும் பார்க்காத மூலை தேடி உட்காருவேன். என் கல்யாணத்தில் போட்டோ எடுத்தவன் நல்ல பையன், "அக்கா, நேரா பாருங்க, சைடு வேண்டாம்" என்று மட்டும் மூன்று தடவை சொன்னான். ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட நான் இவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. இதெல்லாம் பழகிவிட்டது. முப்பத்தொரு வயது வரைக்கும் பழகிவிட்ட ஒன்றை எதற்கு அறுத்தாய் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில் வைத்திருந்தேன்: மெல்ல முடியவில்லை, காதுக்குப் பக்கத்தில் மூட்டு வலிக்கிறது. அது பொய்யில்லை, கொட்டாவி விட்டால் டக்கென்று சத்தம் வரும், வலி நெற்றிப்பொட்டு வரைக்கும் ஏறும். ஒன்றரை வருசம் கம்பி போட்டுப் பல்லை நேராக்கினார்கள், அதில் முகம் இன்னும் மோசமாகும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள், ஆனது, கீழ்ப்பல் இன்னும் வெளியே வந்தது, ஆபீஸில் எல்லோரும் பரிதாபமாகப் பார்த்தார்கள், நான் வலி, மெல்லுதல், மூட்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. இவரிடமும் சொல்லவில்லை. அது 'வ' எழுத்து.

தாரிணிக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டீச்சர், ஸ்டெல்லா, ரொம்பப் பொறுமையானவர். இரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு நாள் தாரிணியைக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்து 'வா' சொல்லச் சொன்னார். எல்லோரும் 'வா' சொல்லும்போது மேல்பல் கீழுதட்டைத் தொடும், தொட்டும் தொடாமலும் போகும். தாரிணி என்ன செய்தாள், தன் கீழ்த்தாடையை முன்னால் தள்ளினாள், ரொம்பப் பிரயாசைப்பட்டு, கழுத்து நரம்பு தெரிய, தள்ளிக் கீழ்ப்பல்லால் மேலுதட்டைத் தொட்டு 'வா' என்றாள். டீச்சர் சிரித்துவிட்டுத் திருத்தினார். மறுபடியும் அப்படியே செய்தாள். "இதை எங்க இருந்து புடிச்சா இவ, தலைகீழா?" என்று கேட்டுக்கொண்டே டீச்சர் என் பக்கம் திரும்பினார், நான் "வீட்ல..." என்று ஆரம்பித்தேன், அந்த 'வீ'யில் டீச்சரின் பார்வை என் வாயில் வந்து நின்றது. உடனே எடுத்துக்கொண்டார். நல்லவர். பேச்சை மாற்றினார், பலூன் எடுத்தார். நான் அன்று பஸ்ஸில் வீடு வரைக்கும் தாரிணியிடம் பேசவே இல்லை, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வந்தேன், அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள், கதவைத் திறக்கச் சொல்கிற மாதிரி. நேரான தாடையோடு பிறந்த பிள்ளை, என் கோணலைப் பாடமாகப் படித்திருக்கிறாள். என்னைத்தான் பார்த்தாள், வேறு யாரைப் பார்ப்பாள், பிறந்ததிலிருந்து அவளுக்குத் தமிழ் என்பது இந்த ஒரு வாய்தான். மறுவாரம் நான் டாக்டர் நசீமாவிடம் நேரம் கேட்டேன். பிள்ளைக்காகத்தான் செய்தேன். பிள்ளைக்காகத்தானா? அந்தக் கம்ப்யூட்டர் படத்தைப் பார்த்தபோது, பக்கவாட்டில் நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தபோது, ஒரு நிமிசம் தாரிணியை மறந்துவிட்டேனே, அது யாருக்காக? அதற்குத்தான் இந்தத் தண்டனையோ. இப்போது அவள் படித்த வாயை எடுத்துவிட்டேன். புது வாய் ஒழுங்காகச் சொல்லலாம், ஆனால் இந்த ஒழுங்கு அவளுக்கு அந்நியம். அவள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமென்றால்? ஆரம்பிக்க மாட்டேன் என்று அவள் முடிவு செய்துவிட்டால்? ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பார்வையைத் திருப்பிக்கொள்ள ஒரு விநாடி போதும். பார்வையைத் திருப்பிக்கொண்டால் அவளுக்கு என் பேச்சு நின்றுவிடும்.

விருதுநகரில் பைபாஸ் ஓரம் ஒரு டீக்கடையில் நிறுத்தினார். "ஒரு டீ குடிச்சிட்டு வந்திருதேன். உனக்கு ஜூஸ் கலக்கவா?" நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். ஊசி இல்லாத சிரிஞ்சில் ஜூஸை எடுத்துக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் விட வேண்டும், அது கீழுதட்டு வழியாக ஒழுகினால் எனக்குத் தெரியாது, கீழுதடும் மோவாயும் மரத்துக் கிடக்கின்றன, எலும்புக்குள் போகிற நரம்பு அடிபட்டிருக்கும், திரும்ப வரும், மாதக்கணக்காகும், சிலருக்கு ஓரமாகக் கொஞ்சம் மரத்தே போய்விடும் என்று கையெழுத்து வாங்கிய தாளில் இருந்தது. பக்கத்தில் ஒரு வேன் வந்து நின்றது. குலதெய்வம் கும்பிடப் போகிற கூட்டம், மஞ்சள் சேலை, பூ, ஜன்னலோரம் ஒரு அம்மா என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தன் மோவாயைத் துடைத்துக் காட்டினாள். எனக்குப் புரியவில்லை. மறுபடியும் துடைத்துக் காட்டினாள். கை வைத்துப் பார்த்தேன், ஒரு ஈ பறந்தது. எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருந்ததோ. அந்த அம்மாவைப் பார்த்துச் சிரிக்க நினைத்தேன், சிரித்தேனா என்று தெரியவில்லை, அவள் முகம் சட்டென்று மாறியதிலிருந்து நான் செய்தது சிரிப்பாக இல்லை என்று மட்டும் தெரிந்தது. அவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். அப்போதுதான் பக்கத்துக் கண்ணாடியில், கார்க் கதவில் இருக்கிற அந்தக் கண்ணாடியில், ஒருத்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். அதை மட்டும் இவர் மடக்கவில்லை, மடக்கினால் வண்டி ஓட்ட முடியாது. கன்னம் இரண்டும் உப்பி, கீழே மஞ்சளும் பச்சையுமாக ரத்தக்கட்டு, மேலுதடு முன்னால் தள்ளி, மூக்கு குட்டையாகி, எதற்கோ கோபித்துக்கொண்டவள் மாதிரி. என் மோவாயைத் தேடினேன். முப்பத்தொரு வருசமாக எங்கே போனாலும் எனக்கு முன்னால் போனது, இப்போது பின்வாங்கி உதட்டுக்குக் கீழே ஒடுங்கிக்கொண்டிருந்தது. அதை நான் எவ்வளவு வெறுத்தேன். இப்போது அதைக் காணோம் என்றதும், சந்தையில் கையைப் பிடித்திருந்த பிள்ளை கையை விட்டது மாதிரி இருந்தது. கண்ணைப் பார்த்தேன். கண் என்னுடையதுதான். ஆனால் வீங்கின கன்னம் கீழிமையைத் தள்ளி அதையும் சுருக்கி வைத்திருந்தது, அதுவும் நூறு பங்கும் என்னுடையது என்று சொல்லிவிட முடியாது.

அவர் வந்து உட்கார்ந்ததும் போனில் எழுதிக் காட்டினேன்: திரும்பிப் போயிரலாம். வாசித்தார். "எங்க?" ஆஸ்பத்திரிக்கு. இன்னும் பத்து நாள் இருந்துட்டு வாரேன். வீக்கம் வடியட்டும். "படுக்கையை வேற ஆளுக்குக் கொடுத்திருப்பாங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். உங்க அக்காகிட்ட பிள்ளை இருக்கட்டும், நான் வேற எங்கயாவது இருக்கேன் என்று எழுதினேன், அவர் வாசிக்கவில்லை, ரோட்டைப் பார்த்தார். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது, இரண்டு பக்கமும் கரிசல், அறுத்த சோளத்தட்டை, தூரத்தில் ஒரு தீப்பெட்டி ஆபீஸின் தகரக்கூரை பளபளத்தது. சாத்தூர் வந்தது, வைப்பாற்றுப் பாலம், ஆற்றில் தண்ணீர் இல்லை, மணலில் சீமைக்கருவேலம். நான் எழுதினதையே திரும்பத் திரும்ப நீட்டினேன். கடைசியில் அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே பேசினார். "ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்காத. ஆபரேசன் முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலம் உள்ள விட்டாங்கல்ல, அஞ்சு நிமிசம். நாலு கட்டில் இருந்துச்சு. நான் உன் கட்டிலைத் தாண்டிப் போயிட்டேன். கடைசிக் கட்டில் வரைக்கும் போயி, அங்க ஒரு ஆம்பளை படுத்திருந்தான், திரும்பி வந்தேன். திரும்பி வரும்போதும் தெரியல. நர்ஸ்தான் கையப் புடிச்சு, இதான் சார் உங்க மிசஸ்னாங்க." நான் அவரைப் பார்த்தேன். ஏழு வருசம் கூடப் படுத்தவர். "பயந்துட்டேன்டி" என்றார். "உன் மூஞ்சியப் பாத்து இல்ல. என்ன ஆளு நான்னு பயந்துட்டேன். பொறகு உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு மணி நேரம் வெளிய இருந்து கண்ணாடி வழியா. பாத்துக்கிட்டே இருந்தா வருது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்." ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குள் போய் விழுந்தது வேறு மாதிரி. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க அவருக்குக் காரணம் இருந்தது, இதுதான் உன் பெண்டாட்டி என்று ஒரு நர்ஸ் சொன்னாள், அவருக்குக் காது கேட்டது. தாரிணிக்கு யார் சொல்வார்கள்? சொல்வதைச் சொல்கிற வாய்தான் இங்கே ஆள் மாறிக் கிடக்கிறது.

இப்போது கோவில்பட்டி. ரயில்வே கேட், காய்கறி வண்டி, எங்கள் தெரு முனையில் தண்ணீர்த் தொட்டி, எல்லாம் ஒன்பது நாளைக்கு முன்னால் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை. மூக்கு வழியாக மட்டுமே மூச்சு, மூக்கில் இன்னும் ரத்தக்கட்டு, மூச்சு போதவில்லை, வாயைத் திறக்க முடியாது, வாயைத் திறக்க முடியாது என்று நினைத்ததும் இன்னும் மூச்சு முட்டுகிறது, டாக்டர் சொல்லியிருந்தார், பதறினால் மெதுவாக எண்ணுங்கள் என்று, ஒன்று, இரண்டு, மூன்று, ஏழில் கார் நின்றுவிட்டது. சால்வையால் முகத்தை மூடிக்கொள்ளலாமா? மூடினால் யாரோ என்று பயப்படுவாள். மூடாவிட்டாலும் யாரோதான். இவர் இறங்கி வந்து என் கதவைத் திறக்கிறார். மதினி வாசலில் நிற்கிறார், என்னைப் பார்க்கிறார், பார்த்ததும் அவர் கை வாய்க்குப் போகிறது, பாதி வழியில் நிறுத்தித் தலைமுடியை ஒதுக்கிக்கொள்கிறார். "வா கோமதி, வா, உள்ள வா" என்கிறார் சத்தமாக, எனக்கும் காது கேட்காத மாதிரி. அவர் சேலைக்குப் பின்னால் ஒரு மஞ்சள் கவுன். ஒரு கண். நான் படியேறும்போது அந்தக் கண் பின்வாங்குகிறது.

நான் கூடத்தில் தரையில் உட்கார்ந்தேன். கிட்டே போகவில்லை. கூப்பிடவில்லை. சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன். தாரிணி சமையலறை நிலைக்குப் பின்னால் போய்விட்டாள். மதினி அவள் முன்னால் குனிந்து, "அம்மாடி, அம்மா" என்று வாயை அகலமாகத் திறந்து சொல்லி என்னைக் காட்டுகிறார். தாரிணி மதினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இல்லை என்று தலையை ஆட்டினாள். கோபமாகக்கூட இல்லை, தப்பாகச் சொல்லும் பெரியவர்களைத் திருத்துகிற மாதிரி. அவ்வளவுதான், முடிந்தது. நான் இத்தனை நாள் பயந்தது இவ்வளவு சின்னதாக இருந்தது, ஒரு தலையாட்டல். இவர் பையை வைத்துவிட்டு அவளைத் தூக்கி வரப் போனார், நான் கை காட்டி நிறுத்தினேன். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. மதினி சோறு வைத்தார், குக்கர் சத்தம் போட்டது, ரோட்டில் ஐஸ் வண்டி போனது. தாரிணி நிலையை விட்டு வெளியே வந்தாள், டி.வி. மேசைக்குப் பின்னால் நின்றாள், பிறகு நாற்காலிக்குப் பின்னால், ஒவ்வொரு இடத்திலும் கொஞ்ச நேரம். என் காலைப் பார்த்தாள். கையை, வளையலை. முகத்துக்கு வந்ததும் பார்வை நழுவிப் போகும், சுவரில் போய் நிற்கும், மறுபடி காலிலிருந்து ஆரம்பிக்கும். நான் அசையவில்லை. எனக்கு மோவாயில் ஏதோ ஒழுகியிருக்க வேண்டும், கழுத்தில் ஈரம் பட்டது, துடைத்துக்கொள்ளவில்லை, கை தூக்கினால் ஓடிவிடுவாளோ என்று. கடைசியில் ஓர் அடி தூரத்தில் வந்து நின்றாள். என் வாயைப் பார்த்தாள். கண் நகரவில்லை. இரண்டு உள்ளங்கையையும் விரித்து என் முன்னால் நீட்டி, அவளுடைய அந்தத் தட்டையான, ஏற்ற இறக்கமில்லாத குரலில், "எனக்கு?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "எனக்கு என்ன?" என்றாள் மறுபடியும், கையை ஆட்டி. ஊருக்குப் போய் வருகிறவர்களிடம் கேட்பது. எனக்கு என்ன கொண்டு வந்தாய்? ஒன்றும் கொண்டு வரவில்லை. ஒன்பது நாளாக அவளையே நினைத்துக்கொண்டிருந்தேன், இரண்டு மணி நேரம் வழியெல்லாம் கடை, ஒரு பொம்மை, ஒரு பிஸ்கட் பாக்கெட், எனக்குத் தோன்றவே இல்லை. இவருக்கும் தோன்றவில்லை. நான் உதட்டை அசைத்தேன். "மறந்துட்டேன்." பல் திறக்கவில்லை, சத்தம் மூக்கு வழியாக வந்தது. அவள் புருவம் சுருங்கியது. புரியவில்லை. "திரும்ப" என்றாள், டீச்சரிடம் சொல்கிற மாதிரி. "அம்மா மறந்துட்டேன்." இன்னும் கிட்டே வந்தாள், இப்போது என் மடிக்குப் பக்கத்தில், அவள் மூச்சு என் கன்னத்தின் மேல்பாகத்தில் பட்டது, அங்கே உணர்ச்சி இருக்கிறது. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள், வலித்தது, உயிர் போகிற மாதிரி வலித்தது, நான் கண்ணை மூடவில்லை. "திரும்ப." கீழுதடு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது, அதைக் குருட்டுத்தனமாகத் தூக்கி மேலுதட்டோடு சேர்த்தேன், பிரித்தேன், சேர்த்தேன். "ம... றந்... துட்... டேன்." அவள் உதடும் கூடவே அசைந்தது, சத்தமில்லாமல், என்னை விட ஒரு எழுத்து பின்னால், எதையோ கூட்டிப் படிக்கிற மாதிரி. நின்றது. கண் விரிந்தது. "மறந்துட்டியா?" என்றாள். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான், முகம் கோணியது, கீழுதடு நடுங்கியது, "மறந்துட்டியா!" என்று என் தோளில் ஓங்கி ஓர் அடி, தரையில் விழுந்து காலை உதைத்து, வீடே இரண்டுபடும்படி ஓர் அழுகை. மதினி ஓடி வந்தார், "ஏ பிள்ளே, அம்மாவ அடிக்காத, புண்ணு!" என்று தூக்கப் போனார். மதினி தொட்டதும் இன்னும் கத்தினாள், உதறிக்கொண்டு என் பக்கமே உருண்டு வந்து என் முழங்காலை உதைத்தாள். அத்தையோடு இருந்த ஒன்பது நாளில் அவள் இப்படி ஒரு தடவைகூட அழவில்லை என்று மதினி பிறகு சொன்னார். நான் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. முழங்காலை நகர்த்தவும் இல்லை.